கால் போவது விதியல்ல!

சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி என்று யார் சொன்னது? நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் கூறிற்று. இங்கே பத்துக் கோடிப் பணக்காரர்கள் ஏது?

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே நின்றால் பாதம் மரத்துவிடும். ரத்த ஓட்டமும் குறையும். வயலில் முள் தைத்தாலும், ஆலையில் தகரம் கிழித்தாலும் வலி தெரியாது. வலி இல்லையே என்று வேலைக்குப் போகிறோம். புண் அழுகி எலும்பைத் தொட்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கண்ணும் சிறுநீரகமும் இப்படியே ஓசையின்றிக் கெடுகின்றன.

கவனக்குறைவு என்று நம்மீதே பழி! ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறதே, அது யார் குறை?

தமிழக சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நல்லதே. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதம், கண், சிறுநீர் மூன்றையும் வேலைத் தலத்திலேயே பரிசோதிக்க வேண்டும்; அன்றைய கூலியை வெட்டக் கூடாது. இதையே கோருகிறோம்.

தோழர்களே! சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். இன்றிரவே உள்ளங்காலைப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாவிட்டால் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.