நிற்கும் கார்களும் நேரும் அபாயங்களும்

ஓடாத வண்டி தேயாது என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடு பாழாகும் என்பதையும், உழவுக்குப் போகாத கலப்பையின் கொழு துருப்பிடிக்கும் என்பதையும் நன்கறிந்தவர்களே, மோட்டார்க் காரைப் பற்றி மாத்திரம் வேறுவிதமாக எண்ணுகிறார்கள். ஷெட்டிலே உறையிட்டு நிறுத்திய கார், வாங்கிய நாளில் இருந்தபடியே என்றும் இருக்குமென்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமன்று. உயிருக்கு உலை வைக்கக் கூடியதுமாகும். அந்த உயிர் பெரும்பாலும் காரின் சொந்தக்காரருடையதன்று, அதனடியில் படுத்து வேலை செய்யும் ஏழைத் தொழிலாளியுடையது என்பதே இவ்விஷயத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணமாகும்.

2020ஆம் வருஷம் மார்ச் 25ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கார்களெல்லாம் ஒரே இரவில் அசைவற்று நின்றன. மாதங்கள் கழித்து அவற்றைக் கிளப்ப முயன்றவர்கள், பாட்டரி செத்துப்போனதையும், பிரேக் இறுகிக்கொண்டதையும், எலிகள் கம்பிகளைக் கடித்துத் துண்டித்ததையும் கண்டார்கள். அந்த அநுபவம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாடம் மறந்துபோயிற்று. நிற்கும் கார்கள் மட்டும் நிலைத்துவிட்டன. வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்ப்பவர்கள், மெட்ரோ ரயிலில் செல்பவர்கள், பிள்ளைகளைக் கடல் கடந்த தேசங்களுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர்கள் ஆகிய இவர்களுடைய கார்கள் கலியாணத்திற்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே வெளியே வருகின்றன. அவசரத்திற்கென்று வைத்திருக்கும் வண்டியே அவசரத்தில் கைவிடுமானால், அதை வைத்திருப்பதனால் என்ன பயன்?

காரின் உறுப்புகளில் சில ஓட்டத்தால் தேய்பவை. வேறு சில காலத்தால் கெடுபவை. இந்தப் பேதத்தை அறிந்துகொள்வதே முதற் காரியம். டயரை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்புறப் பள்ளங்கள் புதிதுபோல் ஆழமாக இருக்கலாம். ஆனால் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி, பக்கங்களில் மயிரிழைபோல் வெடித்திருக்கும். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2319 என்றிருந்தால், அது 2019ஆம் வருஷத்து 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து வருஷம் கடந்த டயரை வருஷந்தோறும் சோதிக்க வேண்டும். பத்து வருஷம் கடந்ததை, எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், கழற்றிவிட வேண்டும்.

பிரேக்கில் உள்ள திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகையைச் சேர்ந்த புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வரையில் கொதிக்காமல் நிற்க வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடலாம். இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதிக்கும்போது திரவம் கொதித்து ஆவியாகுமானால், மிதிக்கும் கால் வெறுமையில் இறங்கும். வருஷத்திற்கு ஒரு தடவை குடும்பத்துடன் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ செல்பவரின் கார் இந்த அபாயத்திற்கே அதிகம் இலக்காகிறது. எத்தனை மைல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்திற்கு ஒரு முறை அந்தத் திரவத்தை மாற்ற வேண்டுமென்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ஆம் வருஷத்தில் நாடெங்கும் விநியோகத்திற்கு வந்தது. இறக்குமதியைக் குறைப்பதும் கரும்பு, மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிக்கு வருமானம் தருவதும் நல்ல நோக்கங்களே. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் வஸ்து. பாதி காலியான டாங்கியுடன் கடற்கரைப் பட்டணமொன்றில் பல மாதம் நிற்கும் காரில் ஈரம் சேர்வதற்கு இடமுண்டு. இவ்விஷயமாக மத்திய பெட்ரோலிய இலாகா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை ஓடிய பின் ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரலாம் என்றும், அது சொற்பச் செலவுள்ள வேலையே என்றும் கூறப்பட்டது. தினமும் ஓடும் காருக்கு இது பொருத்தமான கணக்காகலாம். வருஷத்திற்கு 2,000 கிலோமீட்டர் ஓடும் கார் அந்த எல்லையைத் தொடுவதற்குப் பத்து வருஷமாகும். அதுவரையில் ரப்பர் காத்திருக்குமா? கிலோமீட்டரால் அளந்த ஆலோசனை, ஓடாத காருக்கு ஆலோசனையே அன்று.

சட்டமும் இதே குறையை உடையதாயிருக்கிறது. நமது தேசத்தில் சொந்தக் கார் ஒன்று பதிவு செய்யப்பட்ட நாள் முதல் 15 வருஷம் வரை, புகைச் சோதனை தவிர வேறெந்தக் கட்டாயப் பரிசோதனைக்கும் உட்படுவதில்லை. பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் திரும்புகிறதா என்று கேட்பாரில்லை. 15 வருஷம் நிறைந்ததும் சட்டம் திடீரென்று விழித்துக்கொள்கிறது. மறுபதிவுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 வருஷம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. தில்லியிலே வயதான வண்டிகளுக்கு எண்ணெய் கொடுக்கலாகாதென்று 2025 ஜூலை முதல் தேதி தொடங்கிய ஏற்பாடு, ஜனங்களின் ஆட்சேபத்தால் சில தினங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பிரிட்டனில் மூன்று வருஷம் கடந்த கார் ஒவ்வொன்றும் வருஷந்தோறும் பரிசோதிக்கப்படுகிறது. ஜப்பானில் முதல் மூன்று வருஷத்திற்குப் பின் இரண்டு வருஷத்திற்கு ஒரு தடவை சோதனை. அங்கே வண்டியின் நிலைமையைப் பார்க்கிறார்கள். இங்கே வண்டியின் வயதைப் பார்க்கிறார்கள். பரிசோதனையின்றிப் பதினைந்து வருஷமும், பிறகு அபராதம் போன்ற கட்டணமும் என்பது நியாயமான முறையாகாது.

காலமே கேடு செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா கம்பெனி செய்த காற்றுப்பைகளில் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடியுப்பு உபயோகிக்கப்பட்டது. உஷ்ணமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் பல வருஷம் இருந்தபின் அந்த உப்பு கெட்டு, விபத்தில் பை விரிய வேண்டிய சமயத்தில் உலோகக் கூடு சிதறி, காக்க வேண்டிய சாதனமே கொல்லும் கருவியாயிற்று. அமெரிக்காவில் மட்டும் பல கோடிக் காற்றுப்பைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2017ஆம் வருஷம் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. நம் தேசத்திலும் பல கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் பட்டறைப் பக்கமே போகாத காருக்கு அந்த அழைப்பு எவ்வாறு எட்டும்? பழைய கார் வைத்திருப்போர் தம் வண்டியின் சாஸி எண்ணைக் கம்பெனியாரிடம் கொடுத்து, நிலுவையில் ஏதேனும் அழைப்புண்டா என்று விசாரிப்பது அவசியம். இச்சேவைக்குக் கட்டணமில்லை.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் விஷயத்திற்கு வருவோம். நெடுநாள் நின்ற கார் கிளம்பாதபோது சொந்தக்காரர் என்ன செய்கிறார்? தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்புகிறார். அவர் ஓர் ஜாக்கியும், ஒரு பை நிறைய ஸ்பானர்களும், கூடவே ஓர் எடுபிடிப் பையனுமாக வருகிறார். சரிவான வாசலில், மணலின்மேல், ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்குகிறார்கள். செங்கல்லையோ சிமெண்டுக் கல்லையோ முட்டுக் கொடுக்கிறார்கள். அதனடியில் தவழ்ந்து செல்கிறார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு ஒரு கைப்பிடியளவு இடத்தில் நிற்கிறது. ஜாக்கி என்பது தூக்குவதற்குரிய கருவியேயன்றித் தாங்குவதற்குரியதன்று. அதன் எண்ணெய் கசிந்தாலும், அடித்தரை அமிழ்ந்தாலும், யாரேனும் கதவை ஓங்கிச் சாத்தினாலும் வண்டி இறங்கிவிடும். சிமெண்டுக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கும் சமயத்திலேயே வண்டி அதிகமாக ஆடுகிறது. ஓடாத காரிலேயே போல்ட்டுகள் அதிகமாகத் துருப்பிடிக்கின்றன.

இத்தொழிலாளருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எம்மட்டும் உண்டு? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தியை உபயோகித்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலையாகக் கருதியது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்திற்று. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தெருப் பட்டறையைப் பழைய சட்டமும் தொழிற்சாலையாகப் பார்க்கவில்லை, புதிய சட்டமும் பார்க்கவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. 2016ஆம் வருஷத்துத் திருத்தம் அந்தத் தடையை எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. இடுக்கில் நுழையச் சிறிய உடம்பு வேண்டுமென்று பையனை அடியில் அனுப்புகிற வழக்கத்தைக் கண்ணால் கண்டும் வாளாவிருப்பவர்கள், அக்குற்றத்தில் பங்காளிகளேயாவர்.

ஆகவே, காரின் சொந்தக்காரருக்கு ஒரு கடமை இருக்கிறதென்று நாம் வற்புறுத்துகிறோம். தம் வீட்டு வாசலில் நடக்கும் வேலைக்கு அவரே காவலர். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும்; தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கட்டும்; இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டி உட்காராத வரையில் ஒருவரும் அடியில் போகாதிருக்கட்டும். ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை ஒரு டயரின் விலைக்குக் கூட வராது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடலாகாது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த அந்த வாயுவே காரணமென்று விசாரணையில் வெளியாயிற்று. செத்த பாட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது, கடைசி இணைப்பைப் பாட்டரியின்மேல் கொடுக்காமல், தள்ளியுள்ள எஞ்சினின் உலோகப் பாகத்தில் கொடுக்க வேண்டும். பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கக் கூடியது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவும் நேராதிருக்க வழி எளிது. வாரத்திற்கு ஒரு தடவை, தவறினால் இரு வாரத்திற்கு ஒரு தடவை, அரைமணி நேரமாவது காரை வெளியே ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் எஞ்சினை உறுமவிடுவதால் பயனில்லை. பாட்டரி நிரம்புவதுமில்லை, புகைக்குழாயில் தங்கிய ஈரம் உலர்வதுமில்லை. நீண்டகாலம் ஊரில் இல்லாதவர்கள் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, டாங்கியை நிரப்பி, கைப்பிரேக்கை இழுக்காமல் சக்கரத்திற்குக் கட்டை வைத்துச் செல்லலாம். மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மழைக்காலத்திற்கு முன்பே காரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 2015, 2023ஆம் வருஷங்களின் டிசம்பர் வெள்ளங்களில் நீரில் மூழ்கிய கார்கள் எத்தனை! மூழ்கிய காரைச் சோதனையின்றி ஸ்டார்ட் செய்வது எஞ்சினை உடைப்பதாகும். அவ்வாறு நேரும் சேதத்திற்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஈடு கிடைப்பதும் அரிது.

சர்க்கார் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, 15 வருஷம் வரை காத்திராமல், நியாயமான கட்டணத்தில், பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றைக் குறித்த காலங்களில் பார்க்கும் பரிசோதனை ஏற்பட வேண்டும். இரண்டாவது, தெருப் பட்டறைத் தொழிலாளிக்குப் பயிற்சியும், ஸ்டாண்டு முதலிய சாதனங்கள் வாங்கச் சகாயமும், விபத்து இன்ஷூரன்ஸும் கிடைக்க வேண்டும். இவற்றைப் பட்டறைகளை மூடுவதற்கு வழியாக்காமல், முன்னேற்றுவதற்கு வழியாக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனால்தான் நமது வண்டிகளிற் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது.

கார் வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், அதனடியில் படுக்கும் மனிதனின் மார்புக்கு மேலே என்ன நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. இனியேனும் கேட்போமாக.