ஊர் சுற்றலாம் வாங்க: ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் கிடையாது!

கோல்ஃப் பிரியர்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் 'ஓல்டு கோர்ஸ்' மைதானத்தில் ஆடிவிட வேண்டும். முன்பதிவு கிடைக்காதவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருப்பார்கள்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே ஆட முடியாது. சில பெரிய போட்டிகளின்போது மட்டும்தான் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் புல்லுக்கு ஓய்வு, ஊருக்குக் கொண்டாட்டம்! நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவருபவர்கள், கைகோத்து நடக்கும் தாத்தா பாட்டிகள் என யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். டிக்கெட் கிடையாது.

காரணம், அது தனியார் கிளப்பின் சொத்து இல்லை. இந்தக் கடலோரப் புல்வெளியில் விளையாட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1552-லேயே சாசனம் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கு அதைப் பராமரிக்கும் அறக்கட்டளைகூட 1974-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்ததுதான்.

சரி, மைதானத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஊருக்குள்?

அங்கேதான் சிக்கல். மூன்றே முக்கியத் தெருக்கள் கொண்ட குட்டி ஊர் அது. ரயில் நிலையம்கூட 1969-லேயே மூடப்பட்டுவிட்டது. ரயில் பிடிக்க லூக்கர்ஸ் வரை பஸ்ஸில் போக வேண்டும். 600 வருஷத்தைத் தாண்டிய பல்கலைக்கழகம் இருப்பதால், இலையுதிர் காலம் தொடங்கும் செப்டம்பரில் சுமார் 10,000 மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் பெரிய கோல்ஃப் போட்டியும் வந்துவிடும். தொழில்முறை வீரர்களோடு சினிமா, விளையாட்டுப் பிரபலங்களும் ஜோடி சேர்ந்து ஆடும் போட்டி என்பதால் ஓட்டல்கள் நிரம்பி வழியும்.

சுற்றுலாப் பயணிக்குச் சில நாள் வாடகைக்கு விடுவதா, மாணவர்களுக்கு வருஷ வாடகைக்கு விடுவதா என்பது வீட்டுக்காரரின் கணக்கு. உறவினர் அல்லாத மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கினால் ஸ்காட்லாந்தில் அந்த வீட்டுக்குத் தனி உரிமம் வேண்டும். குடும்பங்களுக்கு வீடே மிஞ்சாமல் போய்விடக் கூடாது என்று, இந்த ஊரில் அந்த உரிமங்கள் பெருகாமல் உள்ளாட்சி நிர்வாகம் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால், அறை கிடைக்காத மாணவர்கள் டண்டீ நகரத்தில் தங்கி தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்கள். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சொந்த வீடு எட்டாக்கனிதான். ஸ்காட்லாந்திலேயே வீட்டு விலை அதிகமான ஊர்களில் இதுவும் ஒன்று.

இதற்கிடையில் குளிர் ஏறிக்கொண்டே போகும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். நவம்பர் முடிவதற்குள் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு அந்த இருட்டு எப்படி இருக்கும்?

அதற்கு மாணவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சீனியர்கள் 'அம்மா', 'அப்பா' ஆகி ஜூனியர்களைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். நன்றிக் கடனாக 'பிள்ளைகள்' ஒரு பவுண்டு உலர்திராட்சை கொடுப்பது அந்தக் கால வழக்கம். அதற்கு 'பெற்றோர்' லத்தீன் மொழியில் ரசீது எழுதித் தருவார்கள்! இந்தக் கொண்டாட்டத்துக்கு 'ரெய்சின் வீக்கெண்ட்' என்று பெயர். திங்கட்கிழமை காலை விசித்திர வேஷங்களில் வந்து, ஒருவர் மேல் ஒருவர் நுரையைப் பீய்ச்சி அடித்துத் தீர்ப்பதோடு அது முடியும்.

பிள்ளையை அங்கே படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சீட் கிடைத்த சந்தோஷத்தோடு, தங்கும் இடத்தையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். முதல் வருஷ விடுதியோடு நிறுத்தாமல், இரண்டாம் வருஷத்துக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். அந்த ஊரில் அம்மா அப்பாகூடக் கிடைத்துவிடுவார்கள். அறை கிடைப்பதுதான் கஷ்டம்!