பட்டாசு மருந்து துப்பாக்கிக்கு ஆகாது!

எல்லாம் மருந்துதானே, எதைப் போட்டுச் சுட்டால் என்ன என்கிறார்கள் சிலர். தப்புக் கணக்கு!

நாட்டுத் துப்பாக்கிக்கு உரியது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்தது. எரிந்து ரவையை முன்னே தள்ளும். சிவகாசியில் அணுகுண்டு வெடிக்குப் போடுவதோ அலுமினியப் பவுடர் கலந்த மருந்து. அது நொடியில் வெடித்துக் குழலையே பிளந்துவிடும். பன்றி தப்பி ஓடும்; சுட்டவன் கையும் கண்ணும் போகும்!

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார விவசாயிகளே! பன்றி பயிரை அழிப்பது நிஜம்தான். காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுட 2025-ல் அரசு அனுமதித்தது. அவர்களைக் கூப்பிடுங்கள். நஷ்டஈடும் கேளுங்கள்.

லைசென்சு இல்லாத துப்பாக்கி 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். போலீசில் ஒப்படைத்துவிடுங்கள். பயிர் அடுத்த போகம் வரும். போன கை வருமா?