பனி பொய்த்தாலும் நகரம் பொய்க்காது

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதிக் குடும்பங்களில் ‘இந்த முறை எங்கே போகலாம்?’ என்ற பேச்சு தொடங்கிவிடும். ஒரு தலைமுறைக்கு முன்பு ஒகேனக்கல்லும் ஏற்காடும் அதற்கு விடையாக இருந்தன. இன்று பெங்களூரில் விமானம் ஏறி, காஷ்மீரின் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவது நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. பயணிக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அவர் செலவிடும் பணம் சென்றடையும் ஊரின் பொருளாதாரம் எதன்மீது நிற்கிறது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

காஷ்மீர் குளிர்காலப் பயணத்தின் மையம் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1998-இல் முதல் கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட ரோப் கார், பயணிகளை அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுசெல்கிறது. 2020 முதல் ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெறுகின்றன. இந்தியாவில் பனிச்சறுக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அதுதான்.

அந்த குல்மார்க், 2024 ஜனவரியில் பனியின்றிக் கிடந்தது. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீளும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலத்தின் பெரும்பகுதி வறண்டே கழிந்தது. மாத இறுதியில்தான் பனி பொழிந்தது. 2025 பிப்ரவரியில் போதிய பனி இல்லாததால் விளையாட்டுகள் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச்சில் நடத்தப்பட்டன. பனிச்சறுக்குப் பயிற்றுநர், வழிகாட்டி, மட்டக்குதிரைக்காரர், கம்பளிக் கோட்டும் காலணியும் வாடகைக்கு விடுபவர் ஆகியோருக்குக் குளிர்காலத்தின் சில வாரங்களே அறுவடைக் காலம். பனி தாமதித்தால், பயணிக்கு அது ஓர் ஏமாற்றம், இவர்களுக்கோ கடன்.

இது காஷ்மீருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, புவியின் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், செயற்கைப் பனியின் துணை இல்லாத நிலையில், அவற்றுள் 53 சதவீதம் மிகக் கடுமையான பனிப் பற்றாக்குறை அபாயத்தில் விழும் என்றது. 4 டிகிரி உயர்ந்தால் அந்த அளவு 98 சதவீதம்.

இந்த அபாயத்தை ஆல்ப்ஸ் மலை நாடுகள் எதிர்கொள்ளும் வழிகளுள் ஒன்று நமக்குப் பாடமாகக்கூடியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக், 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய நகரம். 1964-இல் பனி போதாமல், ராணுவத்தினர் மலையுச்சிகளிலிருந்து பனியைச் சுமந்து வந்து போட்டித் தடங்களில் நிரப்ப நேர்ந்தது. இன்று அந்நகரம் பனியை மட்டும் விற்பதில்லை. நகர மையத்திலிருந்தே மலைக்கு ஏறும் ரயிலும் ரோப் காரும் உள்ளன. பனிச்சறுக்குத் தளங்கள், அருங்காட்சியகங்கள், நீச்சல் குளங்கள், பேருந்துகள் ஆகியவற்றை ஒரே அனுமதிச்சீட்டில் இணைத்திருக்கிறார்கள். காலையில் சரிவில் சறுக்கியவர், பிற்பகலில் 1500-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட பொற்கூரை மாடத்தின் முன் நிற்கிறார். அருகிலுள்ள வாட்டென்ஸ் ஊரில் ஸ்வரோவ்ஸ்கி படிக நிறுவனம் 1995-இல் திறந்த காட்சியகமும் சுற்றுலாத் தலமாகியுள்ளது.

பொருளியலில் இவற்றை நிரப்புப் பண்டங்கள் என்போம். ஒன்றன் தேவை மற்றொன்றின் தேவையைக் கூட்டும். பனி பெய்யாத வாரத்திலும் பயணி ஊருக்கு வருவார். வந்தவர் இன்னும் ஓர் இரவு தங்குவார். அந்தக் கூடுதல் இரவில்தான் உணவகப் பணியாளர், வாடகை வண்டி ஓட்டுநர், கைவினைஞர் ஆகியோரின் ஊதியம் இருக்கிறது.

ஸ்ரீநகரிடம் இல்லாத பண்பாட்டுச் செல்வமா? யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் கைவினைக்காக 2021-இல் இடம்பெற்றது. 2024-இல் உலகக் கைவினை மன்றம் அதை உலகக் கைவினை நகரமாக ஏற்றது. 370-க்கும் மேற்பட்ட தேவதாரு மரத் தூண்களைக் கொண்ட ஜாமியா மசூதி, காகிதக்கூழ்க் கலை, வால்நட் மரச் சிற்பம், நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் கானி சால்வை என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் எதுவும் மேற்கத்தியக் காற்றழுத்தத் தாழ்வை நம்பி இருக்கவில்லை. ஆனால், நம் ஊர்ப் பயண முகவர்களின் திட்டங்களில் ஸ்ரீநகர் என்பது பெரும்பாலும் ஒரு படகு வீடும் ஒரு ஷிகாரா சவாரியும்தான். நெசவாளியின் தறிக்கூடம் அந்தப் பட்டியலில் அரிதாகவே இருக்கிறது.

நகரத்தை இணைத்துவிட்டால் எல்லா இடர்களும் தீர்ந்துவிடும் என்பதல்ல. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது மலையும் நகரமும் ஒருசேர வெறிச்சோடின. ஒரே காரணத்தால் எல்லாத் தொழில்களும் சரியும் இடத்தில் இடரைப் பகிர்ந்து வைப்பது பலனளிக்காது. அமைதியே அங்கு முதல் மூலதனம். உத்தராகண்டின் ஆலி இன்னோர் எச்சரிக்கை. அதன் பனிச்சரிவுகளுக்கு வாயிலாக இருக்கும் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல்விட்டன. ஆலி செல்லும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. மலையின் தாங்குதிறனை மீறிய கட்டுமானத்தை, அதற்குப் பண்பாட்டுச் சுற்றுலா என்று பெயரிட்டாலும், நியாயப்படுத்த முடியாது.

பனியே இல்லாத நமக்கு இதில் என்ன இருக்கிறது? பனி இல்லையே தவிர, சிக்கல் ஒன்றுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் வந்தது. அங்கு கதவு குறுகும்போது, பெங்களூரு, ஓசூர் வாகனங்கள் ஏலகிரியையும் ஜவ்வாது மலையையும் நோக்கித் திரும்புவது இயல்பு. கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் உள்ள சிங்காரப்பேட்டை போன்ற ஊர்களுக்கு அந்தப் போக்குவரத்தால் இன்று கிடைப்பது ஒரு தேநீரின் விலை. மலைக் கிராமங்களுக்குக் கிடைப்பது நெகிழிக் குப்பை.

வேறு விதமாகவும் இதை அமைக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. மல்லசந்திரத்தில் கற்திட்டைகள் உள்ளன. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் மின்வாகனமும் உருவாகும் தொழிற்பகுதி இது. வாட்டென்ஸ் படிகத்தைக் காட்சிப்படுத்தியதுபோல, இங்குள்ள ஆலைகளும் மாணவர்களுக்கும் பயணிகளுக்கும் தங்கள் கதையைச் சொல்லலாம்.

இதற்குப் பெருமுதலீடு தேவையில்லை. அருங்காட்சியகம், தொல்லியல் தலம், மலைப் பேருந்து ஆகியவற்றை இணைக்கும் ஒற்றைச் சீட்டு. சொந்த வாகனத்தை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மலையேறும் ஏற்பாடு. சீட்டு வருவாயில் ஒரு பங்கை மலை ஊராட்சிகளுக்குச் சட்டப்படி ஒதுக்கும் விதி. இம்மூன்றையும் ஒரு மாவட்டத்தில் ஈராண்டு சோதித்துப் பார்க்கலாம்.

மலைக்கு எத்தனை வாகனங்கள் ஏறின என்பதை நாம் எண்ணத் தொடங்கிவிட்டோம். அது தேவையான தொடக்கம். இறங்கும்போது பயணியின் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்கியது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான், சுற்றுலாக் கொள்கையின் வெற்றியை அளக்க முடியும்.