முற்றத்தில் ஒரு பிடி விதை

நகரத்திலும், நகரத்தைப் பார்த்து வளரும் சிற்றூர்களிலும் இப்பொழுது வீடு கட்டுகிறவர்கள், சுவருக்கும் மதிலுக்கும் நடுவே எஞ்சிய நாலடி மண்ணையும் விட்டுவைப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டவர்களைப் போலக் கிரகப்பிரவேசத்துக்கு முன்பாகவே அதில் சிமெண்டுக் கல் பாவி மூடிவிடுகிறார்கள். மூடாமல் விட்ட சில ரசிகர்களோ, ஒரே பகலில் பச்சைக் கம்பளம் வேண்டும் என்னும் அவசரத்தில், எங்கிருந்தோ மண்ணோடு பெயர்த்து வந்த புல்பாயை வாங்கி விரித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் பதிலாக, ஒரு பிடி விதையைத் தூவிவிட்டுச் சில வாரம் காத்திருக்கலாமே என்பது என் அபிப்பிராயம்.

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று 2003-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய ஏற்பாட்டின்படி, மூலையில் ஒரு குழி தோண்டிக் குழாயை இறக்கிவிட்டு, மிச்சமுள்ள நிலத்துக்கெல்லாம் வானத்து நீர் இறங்காதபடி கல் பாவுகிற விசித்திரத்தை என்னவென்று சொல்வது? புல்பாயோ வேறு விதமான தோஷம் உடையது: ஒவ்வொரு பாயும் யாரோ ஒருவருடைய நிலத்து மேல்மண்ணைக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டுதான் வருகிறது, அந்த மண்ணுக்குள் கோரைக்கிழங்கும் இரகசியமாகப் பிரயாணம் செய்து வந்து, மறு மாதமே தன் சுயரூபத்தைக் காட்டும்.

விதைக்கத் தக்கது எது என்றால், அருகுதான். வயலில் முளைத்தால் உழவன் அதை வேரோடு பிடுங்கி வரப்பில் எறிகிறான். பிள்ளையாருக்கோ அதுவே பிரீதியான அர்ச்சனைப் பொருள். விதைக் கடையில் போய் அருகு விதை என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கக்கூடும். பெர்முடா என்று கேட்டால் உடனே பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அந்தப் பெயருடைய தீவுகளில் இந்தப் புல் சுதேசியும் அல்ல. நம் முற்றத்துப் புல் அந்நியப் பெயர் சூட்டிக்கொண்டு நம்மிடமே விலைக்கு வருகிறது. பொட்டலத்தின் மேலுள்ள கோல்ப் மைதானப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அத்தகைய மைதானங்களில் வளரும் நேர்த்தியான கலப்பினங்கள் பல மலட்டுப் புற்கள். முளைக்கும் விதை அவற்றுக்கு இல்லை, தண்டைக் கிள்ளித்தான் நட வேண்டும்.

அருகு வெயிலின் குழந்தை. மாமர நிழலில் அதை விதைப்பது வீண் பிரயாசை. வெயில் விழும் 100 சதுர அடி இருந்தால் 50 முதல் 100 கிராம் விதை போதும். ஆனால் விதைக்கு முன்னால் கோரையைக் கவனிக்க வேண்டும்: மண்ணைக் கொத்தி நனைத்து, முளைப்பதையெல்லாம் முளைக்கவிட்டுக் கிழங்கோடு கல்லி எடுத்து, பொறுமை இருந்தால் இன்னொரு தடவையும் அவ்வாறே செய்துவிட்டுத்தான் விதையைத் தொட வேண்டும். ஒரு கிராமுக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கும் அந்த அணுப்பிரமாணமான விதையைக் கையால் நேரே வீசினால் ஓரிடத்தில் குவியலும் ஓரிடத்தில் சூனியமுமாக விழும். ஆகையால் உலர்ந்த மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவுவது உத்தமம். கால் அங்குலத்துக்கு மேல் மண் ஏறினால் வெளியே வரத் திராணி இராது. லேசாகக் கீறி, பலகையால் அழுத்தினால் போதும். எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிப் போகும். அதற்குரிய பங்கைக் கூட்டியே தூவிவிடலாம்.

பருவத்தைப் பற்றி அனுபவபூர்வமாகவே சொல்லுகிறேன். முதல் தடவை நான் ஐப்பசியில் விதைத்தேன். இரண்டே நாளில் வந்த அடைமழை விதை முழுவதையும் வாரிச் சென்று தெருச் சாக்கடை ஓரத்தில் சேர்த்தது. அங்கே அது அமோகமாக முளைத்தது. மறு தடவை மாசியில் தூவி, பூவாளியால் நாளுக்கு மூன்று வேளை, மண் காயாமலும் குழம்பாமலும் தெளித்து வந்தேன். பத்து நாள்வரை ஒன்றும் காணவில்லை; பதினோராம் நாள் காலையில், தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற பசுமை ஒன்று படர்ந்திருந்தது. இரண்டு அங்குலம் வளர்ந்த பிறகு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் நுனியை மாத்திரம் கத்தரித்தேன். கத்திரி வெயிலில் அது பழுத்துக் கருகினாற் போலக் கிடந்தபோது வீட்டிலுள்ளவர்கள் என்னைப் பரிகசித்தார்கள். முதல் மழையில் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது.

கல் பாவிய முற்றமே சுத்தம் என்று எனக்கு உபதேசம் செய்த பக்கத்து வீட்டுக்காரரின் கற்களுக்கு இடையிலும், மதிலடியாக நுழைந்த என் அருகு இப்பொழுது தலை நீட்டுகிறது. பிடுங்கிவிடுங்கள் என்றேன். வேண்டாம், சதுர்த்திக்கு ஆகும் என்கிறார்.