இலைக்குள்ளே சுரங்கப் பாதை!



தக்காளி, அவரை, ஆமணக்கு இலைகளில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிறுக்கியது யார் தெரியுமா? இலைத்துளைப்பான் ஈயின் புழு!

அமெரிக்கக் கண்டத்து ஈ இது. இந்தியாவில் தென்பட்டது 1990களின் தொடக்கத்தில்தான். நீளம் 2 மி.மீ., அவ்வளவே. தாய் ஈ இலையைக் குத்தி, உள்ளே முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள பச்சைச் சதையைத் தின்றபடி நகரும். தின்ற வழிதான் அந்த வெள்ளைக் கோடு. மெல்லிசாகத் தொடங்கி, போகப் போக அகலமாகும். புழு குண்டாகிறது அல்லவா! பிறகு இலையைக் கிழித்து வெளியேறி, மண்ணில் கூட்டுப்புழுவாகிவிடும்.

கோட்டைக் கண்டதும் பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது சரியில்லை குட்டீஸ். இந்தப் புழுவைத் தேடி வந்து கொட்டி, அதிலேயே முட்டையிடும் பொடிக் குளவிகள் இருக்கின்றன. குளவிக் குஞ்சுகளுக்குப் புழுதான் சாப்பாடு! மருந்தடித்தால் குளவிகள் செத்துவிடும். ஈயோ பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது. அப்புறம் அதற்குக் கொண்டாட்டம்தான்.

வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு இலை என்றால், கிள்ளிப் போட்டாலே போதும். அதற்கு முன் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோட்டின் அகலமான முனையில் மஞ்சள் பொட்டு ஒன்று நெளிந்தால், ஐயா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்!