பத்து வெள்ளியும் ஒரு கரண்டி சீனியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

கோயில்ல தொண்டு செய்றவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது பெயர், நட்சத்திரம் சொல்றவங்க, மனசுல இருக்கிறதையும் சேர்த்துச் சொல்லிடுவாங்க. இப்போ அதிகமா காதுல விழுறது ரெண்டுதான்: சீனி வியாதி, கடன். முருகன்கிட்ட கேட்கிறதுல தப்பே இல்லை. ஆனா இந்த ரெண்டுக்கும் பாதி மருந்து நம்ம அடுப்பங்கரையிலயும் நம்ம கணக்கு நோட்டுலயும் இருக்குங்கிறது என் கருத்து.

"எஸ்டேட்டுல இருந்தப்ப நம்ம ஜனங்க நல்லா இருந்தாங்க"ன்னு பெரியவங்க சொல்வாங்க. அதை முழுசா ஒத்துக்க முடியாது. கள்ளுக்கடை இருந்தது அங்கதான். கடைக்கணக்குல சம்பளம் கரைஞ்சதும் அங்கதான். ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி தூக்கி நடந்த உடம்பு அது. லயத்துக்குப் பின்னாடி முருங்கை, கீரை, வாழை, நாலு கோழி. அந்தப் பழக்கங்களை யாரும் தேடிப் போகலை. வசதி இல்லாததால வந்தது. சுங்கை சிப்புட், செம்மோர் பக்கம் தோட்டங்களை விட்டு ஈப்போ தாமான்களுக்கு வந்ததும் அந்தக் கட்டாயம் போச்சு, பழக்கமும் கூடவே போச்சு. அங்க லயத்து வீடு இருந்தது. இங்க வீட்டுத் தவணை, காடித் தவணை, போன் பில் எல்லாம் இருக்கு. அதனால முன்னாடி வாழ்க்கை திணிச்ச பழக்கத்தை, இப்போ நாமளே மனசு வச்சுத் தேடிப் பிடிக்கணும்.

முடியுமான்னு கேட்டா, நம்ம ஜனங்க செஞ்சு காட்டியிருக்காங்க. 1950களின் கடைசியில வெள்ளைக்கார முதலாளிங்க தோட்டங்களை விற்க, வாங்கினவங்க அதைத் துண்டு போட்டாங்க. வேலையும் போச்சு, வீடும் போச்சுன்னு குடும்பங்கள் தெருவுக்கு வர்ற நிலைமை. அப்போதான் நம்ம பேராக் சுங்கை சிப்புட்டுல பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாப் போய்ப் பேசினார். 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 100 வெள்ளிப் பங்கை மாசம் 10 வெள்ளியாக் கட்டி வாங்கலாம். தினக்கூலி வாங்கினவங்களுக்கு அந்தப் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. ஆனாலும் கட்டினாங்க. 1961ல கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிச்சு. மரம் வெட்டினவங்க தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனாங்க. லாட்டரி எதுவும் அடிக்கலை. மாசாமாசம் தவறாம வச்ச பத்து வெள்ளிதான் அதைச் செஞ்சது.

"அண்ணே, சம்பளமே பத்தலை, எதைச் சேர்க்கிறது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2025ல குறைஞ்சபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆச்சு. அதுல பிள்ளைகளை வச்சுக் குடும்பம் நடத்துறது லேசு இல்லை. சிக்கனம் பேசி, சம்பளம் போதாதுங்கிற உண்மையை மறைக்க நான் வரலை. ஆனா ஒரு கணக்கு மட்டும் பாருங்க. கடையில ஒரு தே தாரேக் 2 வெள்ளி 50 காசுன்னு வைப்போம். புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு குடிச்சா ஒரு நாளைக்கு 5 வெள்ளி, மாசம் 150, வருஷம் 1,800. அதாவது ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல! முழுசா நிறுத்தச் சொல்லலை. பாதி நாள் வீட்டுலயே தேத்தண்ணி போட்டாலே வருஷக் கடைசியில பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு தொகை கையில நிக்கும்.

அந்தத் தே தாரேக்குக்கு உடம்பும் ஒரு விலை கொடுக்குது. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4 விழுக்காடு. மூணு பேர் நின்னா அதுல கிட்டத்தட்ட ஒருத்தர்! அதே வருஷம் ஜூலையில அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரியே போட்டுச்சு. டின் பால் ஊத்தின தேத்தண்ணிக்குத் தனியா சீனி வேற எதுக்கு? "தே ஓ கொசோங்"னு சொல்லப் பழகுங்க. முதல் வாரம் கசக்கும், அப்புறம் நாக்கு கேட்கும்.

40 வயசு தாண்டின, வருமானம் குறைஞ்ச குடும்பத்தவங்களுக்கு பெகா பி40 திட்டத்துல இலவசப் பரிசோதனை இருக்கு. அரசாங்கக் கிளினிக்குல குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. கால்ல புண் வந்த பிறகு ஓடுறதை விட, முன்னாடியே ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பார்க்கிறது மேல்.

கூட்டுக் கட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டுச் சட்டத்துலயே நம்ம சொல் இருக்கு: 1971ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டம். நம்ம "கூட்டு"தான் அது! தெரிஞ்சவங்கதானேன்னு கட்டுவோம். தலைவர் ஓடிட்டா போலீஸுக்குப் போகவும் தயங்குவோம். அந்தப் பணத்தைச் சேமநிதியில போடுங்க. சொந்தத் தொழில் செய்றவங்களும், லோரி ஓட்டுறவங்களும், வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிற அக்காமார்களும் ஐ-சாரான் வழியாப் போடலாம், அரசாங்கமும் மேல கொஞ்சம் சேர்த்துப் போடும். ஏற்கனவே கடன்ல இருக்கிறவங்க ஆலோங் பக்கம் போகாதீங்க. பேங்க் நெகாரா அமைச்ச ஏகேபிகே-யில காசு வாங்காம ஆலோசனை சொல்றாங்க.

சந்தோஷம் எங்க வருதுன்னா, ஒளிவுமறைவு இல்லாத வீட்டுல வருது. கடனை விட, கடனை மறைக்கிறதாலதான் வீட்டுல சண்டை பெருசாகுது. மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு ஏத்தின பிறகு, டிவியையும் போனையும் அணைச்சுட்டு எல்லாரும் ஒண்ணா உட்காருங்க. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? பிள்ளைகளுக்கும் தெரியட்டும். "அப்பா ஏன் சப்பாத்து வாங்கித் தரலை"ங்கிற கோபம், கணக்கு தெரிஞ்ச பிள்ளைக்கு வராது.

கடைசியா, கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்னதானத்துல சிராப் தண்ணிக்குப் பதிலா மோர் கொடுக்கலாமே? திருவிழா நாள்ல ஒரு மூலையில ரத்தப் பரிசோதனை மேசை போடலாமே? பக்தர் நல்லா இருந்தாத்தான் கோயிலும் நல்லா இருக்கும்.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் காவடி எடுக்கிறவங்க எத்தனை நாள் விரதம் இருக்கீங்க! மாமிசம் இல்லை, மது இல்லை, தரையில படுக்கை. இவ்வளவு மன உறுதி இருக்கிற நம்மால ஒரு கரண்டி சீனியைக் குறைக்க முடியாதா? மாசம் பத்து வெள்ளி எடுத்து வைக்க முடியாதா? விரதம் முடிஞ்ச மறுநாளும் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விடாமப் பிடிச்சுக்குங்க. எதைப் பிடிச்சுக்கப் போறீங்கன்னு கீழே எழுதுங்க. படிக்கிற இன்னொரு குடும்பத்துக்கும் தைரியம் வரும்.

வேலும் மயிலும் துணை 🙏